காலையில் பனிமலை, மாலையில் கடைவீதி

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலர் போனில் கூப்பிட்டு, "நீ ஏதாவது பேசியே ஆக வேண்டும்" என்றார். என் தொழிலைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்க யாரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வரமாட்டார்கள் தம்பி, பொதுவாக ஏதாவது சொல்" என்று முடித்து விட்டார். நான் மெக்கானிக்கல், 2009-இல் வெளியே போன செட். ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை. அங்கே வரும் நண்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரே லீவில் ஊரும் பார்க்கணும், ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கும் விளையாடணும், முடியுமா?" முடியும். நான் இரண்டு தடவை செய்து பார்த்தேன். முதல் தடவை முழுத் தப்பு. இரண்டாவது தடவை பாதி சரி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் தடவை 2022 பிப்ரவரி. பனிச்சறுக்கு என்றால் பனி இருக்கிற இடத்தில்தானே தங்க வேண்டும் என்று, மலை மேலே ஒரு சின்னக் கிராமத்தில் ஒரு வாரம் அறை எடுத்தேன். சீசனில் அங்கெல்லாம் சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை காலி செய்வதுதான் வழக்கம்; இரண்டு நாளுக்குக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. நான் காலையில் கிளம்பி மாலையில் வருவேன். மனைவிக்குப் பனிச்சறுக்கில் ஆசையில்லை. பையனுக்கு அப்போது மூன்று வயது. மூன்றாம் நாள் பனிப்புயல். வெளியே போனால் ஒரு சர்ச், ஒரு பேக்கரி, வாடகைக்குப் பலகை கொடுக்கும் ஒரு கடை. அதைத் தாண்டினால் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நாலாம் நாள் ராத்திரி அவள் ஒன்றுதான் சொன்னாள்: "உங்களுக்கு லீவு, எனக்கு டியூட்டி. வீட்டிலேயே இருந்திருந்தா வாஷிங் மெஷினாவது இருந்திருக்கும்." ஊர் திரும்பும் வரை ரயிலில் எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை.

இரண்டாவது தடவை 2024 பிப்ரவரி. இந்த முறை அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தவரைக் கட்டாயப்படுத்தித்தான் வரவழைத்தேன். பனிச்சறுக்குத் தெரிந்தும் தெரியாத நான், தெரிய வேண்டாம் என்று சொல்லும் மனைவி, ஐந்து வயதுப் பையன், எழுபதை நெருங்கும் அப்பா. இந்த நாலு பேரையும் ஒரே இடத்தில் திருப்திப்படுத்த வேண்டும். தீர்வு, கிராமத்தை விட்டு நகரத்தில் தங்குவது. நான் தேர்ந்தெடுத்தது ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத் தலைநகரான இன்ஸ்புருக்.

இன்ஸ்புருக் கடல் மட்டத்திலிருந்து 574 மீட்டர் உயரத்தில், இன் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. சுமார் 1,30,000 பேர் வாழும் ஊர்; 1669-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உண்டு. மியூனிக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ரயிலடியில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், தெருக்கோடியிலேயே மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதுதான் நோர்ட்கெட்டே மலைத்தொடர். குளிர்கால ஒலிம்பிக்ஸ் 1964-லும் 1976-லும் இங்கே நடந்தது. சுற்றி ஒரு டஜன் பனிச்சறுக்குப் பகுதிகள். அத்தனைக்கும், நகரத்து அருங்காட்சியகங்கள், விலங்குக்காட்சி சாலை இவற்றுக்கும் சேர்த்து ஒரே அட்டையாக 'ஸ்கி பிளஸ் சிட்டி பாஸ்' என்று விற்கிறார்கள். பனிச்சறுக்குப் பகுதிகளுக்குப் போகும் ஸ்கி பஸ்ஸும் அதில் அடக்கம். நகரத்தில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்துக் கொண்டோம். அரிசியும் பருப்பும் ஊறுகாயும் மியூனிக்கிலிருந்தே மூட்டையாக வந்து விட்டன. ரசம் கொதிக்கிற வாசனை வந்ததும் அப்பாவின் முகத்தில் முதல் சிரிப்பு வந்தது.

அங்கே பனிச்சறுக்குப் பாதைகளை நிறத்தால் பிரிக்கிறார்கள். நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நகரத்துக்கு மேலேயே இருக்கும் நோர்ட்கெட்டேயைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. அதன் உச்சியில் ஹாஃபெலேகாரிலிருந்து இறங்கும் ஒரு வழியில் சரிவு 70 சதவீதம். எத்தனை டிகிரி என்று சர்வே எடுத்த பேராசிரியர் இப்போதே என்னைக் கேட்பார் என்று பார்க்கிறேன். 35 டிகிரி, சார். கேட்பதற்குச் சின்ன எண். மேலே நின்று பார்த்தால் மாடிப்படி இல்லாத மாடி மாதிரி இருக்கும். புதியவர்களுக்கு ஏற்றது எதிர்ப்பக்கம் இருக்கும் முட்டரர்ஆல்ம் போன்ற இடங்கள். பையனை அங்கே பயிற்சிப் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு பலகைகளின் முனையையும் சேர்த்து வைத்துக் கொண்டால் வேகம் குறையும். அதற்குக் குழந்தைகளிடம் "பீட்ஸா" என்று கத்துவார்கள். இவன் ஒன்றரை நாளில் பீட்ஸா போட்டுக் கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

இங்கேதான் என் புத்தி கெட்டது.

பனிச்சறுக்கில் காலணியைப் பலகையோடு பூட்டும் கருவிக்கு பைண்டிங் என்று பெயர். உள்ளே ஸ்பிரிங். நாம் விழும்போது காலில் முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் அது தானாகத் திறந்து பலகையைக் கழற்றி விட வேண்டும். எந்த அளவில் திறக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், பிறகு நீங்கள் எந்த மாதிரி ஆள் என்பது, இவற்றை வைத்து வாடகைக் கடைக்காரர் அட்டவணை பார்த்து ஸ்பிரிங்கை முறுக்கி வைப்பார். அதற்குக் கடையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். 'நிதானமாகப் போகிறவர்' என்றால் முதல் வகை. 'வேகமாக, செங்குத்தாகப் போகிறவர்' என்றால் மூன்றாம் வகை. என் வாழ்நாள் அனுபவம் மொத்தம் ஒன்பது நாள். பக்கத்தில் என் வயதுக்காரன் ஒருவன் சட்டென்று மூன்றாம் வகையில் டிக் அடித்தான். நானும் அடித்தேன். கடைக்காரர் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார், கேட்கவில்லை. மெக்கானிக்கல் பட்டம் வாங்கிய ஒருத்தன், ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் என்ன என்று பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தவன், தன் முழங்காலுக்கான ஸ்பிரிங்கைப் பற்றிப் பொய் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பையனைப் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் பாட்ஷர்கோஃபெல் மலைக்குப் போனேன். நகரப் பேருந்திலேயே போய் விடலாம். 1976 ஒலிம்பிக்ஸில் ஃப்ரான்ஸ் கிளாமர் மஞ்சள் உடையில் இறங்கித் தங்கம் வாங்கினாரே, அந்த மலை. சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ருஸியை 0.33 விநாடியில் முந்தினார். அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்த மலையில் நானும் இறங்கினேன் என்று சொல்லிக் கொள்ள ஓர் ஆசை.

அந்த பிப்ரவரி, ஆஸ்திரியாவில் அளவீடு தொடங்கிய நாளிலிருந்து மிக வெப்பமான பிப்ரவரி. அதோடு அன்றைக்கு ஃபோன் காற்று வேறு. இது டெலிபோன் இல்லை. தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் வெப்பக் காற்று. மலை ஏறும்போது ஈரக் காற்று மழையாகவும் பனியாகவும் கொட்டிவிட்டு, 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரிதான் குளிர்கிறது. இந்தப் பக்கம் உலர்ந்த காற்றாக இறங்கும்போது 100 மீட்டருக்கு 1 டிகிரி சூடாகிறது. அந்த வித்தியாசம்தான் இன்ஸ்புருக்கின் பனியைத் தின்கிறது. பனித் தட்டுப்பாடு அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1964 ஒலிம்பிக்ஸுக்குப் பனியே இல்லாமல், ராணுவத்தை விட்டு 40,000 கன மீட்டர் பனியையும், 20,000 பனிக்கட்டிப் பாளங்களையும் கொண்டு வந்து கொட்டி நடத்தினார்கள்.

மதியத்துக்கு மேல் பனி இளகிக் கூழாகி விட்டது. கால் சோர்ந்து போயிருந்தது. "கடைசியா ஒரு ரவுண்டு" என்று மேலே போனேன். சரிவான இடத்தையெல்லாம் தாண்டிவிட்டு, கீழே ஏறக்குறைய சமதளமாக இருக்கிற இடத்தில், சைக்கிள் வேகத்தில், இடது பலகை ஈரப் பனியில் சிக்கியது. உடம்பு திரும்பியது, பலகை திரும்பவில்லை. பைண்டிங் திறக்கவும் இல்லை. 'டப்' என்று உள்ளே ஒரு சத்தம். நண்பர்களே, அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்து விட்டது.

மீட்புக் குழுவினர் இருவர் படகு மாதிரியான ஒரு வண்டியில் என்னைக் கட்டி இறக்கினார்கள். வெகு கண்ணியமானவர்கள். வெகு கண்ணியமாக பில்லும் வந்தது. பனிச்சறுக்கு மீட்புச் செலவு அங்கே நம் கணக்கில்தான். ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கில் யூரோ. ஜெர்மனியின் சாதாரண மருத்துவக் காப்பீடு அதைக் கொடுக்காது. ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினரானால் மீட்புக் காப்பீடு சேர்ந்தே வரும். ஆண்டுச் சந்தா பெரிய தொகையில்லை. நான் ஆகியிருக்கவில்லை. நம் ஊரிலிருந்து வருபவர்கள் ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ காப்பீடு எடுத்திருப்பீர்கள். அதில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படித்து விடுங்கள். பல பாலிசிகளில் விலக்கியிருப்பார்கள்.

மருத்துவமனையில் மருத்துவர் நியாயமாகச் சொன்னார்: பைண்டிங் முதலில் உருவானது கீழ்க்கால் எலும்பு முறியாமல் காக்கத்தான், சரியாக முறுக்கியிருந்தாலும் முழங்காலுக்கு உத்தரவாதம் இல்லை, அதனால் படிவம்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று. எனக்கு அது கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதல் வீடு வரும் வரைதான். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். ஸ்பிரிங் என்ன, எண் என்ன, என்ன எழுதிக் கொடுத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஃபியூஸ் போச்சுன்னா தடிக்கம்பியைச் சுத்தாதே சுத்தாதேன்னு முப்பத்துநாலு வருஷம் வீடு வீடா சொன்னேன். எங்க வீட்டுலயே ஒருத்தன் சுத்தியிருக்கான்." என் ஜென்மத்தில் இதைவிடச் சரியான தொழில்நுட்ப விளக்கத்தை நான் கேட்டதில்லை. எலக்ட்ரிகல்காரர்கள் கை தட்டுகிறார்கள், தட்டுங்கள்.

இன்னும் மூன்று நாள் பாக்கி. மலைக் கிராமத்தில் இருந்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது, மூட்டை கட்டியிருப்போம். நகரமாக இருந்ததால் அப்புறம்தான் லீவே ஆரம்பித்தது.

இரண்டு கைத்தடியோடு டிராமில் ஏறி எங்கும் போக முடிந்தது. பழைய நகரில் 'தங்கக் கூரை' என்று ஒரு மாடம். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் காலத்தது, 1500 வாக்கில் முடிந்தது. தங்க முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். பையன் எண்ணத் தொடங்கி நாற்பதோடு நிறுத்தி விட்டான். அப்பாவை அசத்தியது அது இல்லை. பக்கத்திலிருக்கும் ஹோஃப்கிர்ஹே என்ற அரண்மனைச் சர்ச். அங்கே மாக்சிமிலியனின் கல்லறையைச் சுற்றி ஆளை விடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. கல்லறை மட்டும் காலி. 1519-இல் இறந்த மன்னரை வீனர் நோய்ஷ்டாட்டில் புதைத்து விட்டார்கள். இங்கே கொண்டு வரவேயில்லை. அப்பா கும்பகோணத்தில் வேலை பார்த்த நாளில் சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைக்கு அடிக்கடி போனவர். ஒவ்வொரு சிலையாகக் குனிந்து பார்த்து, கவசத்தின் வேலைப்பாட்டைப் பார்த்து, "உள்ளே கூடா வார்த்திருக்கான்யா" என்று தனக்குள் பேசிக் கொண்டார். ஒன்றரை மணி நேரம். அவரை வெளியே கூட்டி வருவதற்குள் எனக்குக் கால் வீங்கி விட்டது.

கைசர்ஷ்மாரன் என்று அங்கே ஒரு பலகாரம் உண்டு. முட்டை தோசையைப் பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவினது மாதிரி இருக்கும். அப்பாவுக்கு மட்டும் இரண்டு தட்டு.

அதற்கு மறுநாள் என் மனைவி, யாரும் கேட்காமலே, "நான் கத்துக்கிட்டா என்ன?" என்றாள். என் அட்டையை அவளுக்கு மாற்ற முடியாது, அதெல்லாம் ஆள் பேருக்குத்தான், புதிதாக வாங்கினோம். வாடகைக் கடைக்கு நான் நொண்டிக் கொண்டே கூடப் போனேன். எடையை ஒரு கிலோ கூடக் குறைக்காமல் சொன்னாள். முதல் வகையில் டிக் அடித்தாள். "ஏங்க, இதுல பொய் சொல்ல என்ன இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டபோது கடைக்காரர் தலையைக் குனிந்து கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது என்றுதான் நம்புகிறேன். அவள் பையனோடு முட்டரர்ஆல்ம் போய் விட்டாள்.

அப்பாவும் நானும் மிச்சம். இருவரும் நோர்ட்கெட்டே ஏறினோம். ஊர் நடுவிலிருந்தே ஹுங்கர்பூர்க் மலை ரயில் கிளம்புகிறது. ஜாஹா ஹதீத் வடிவமைத்து 2007-இல் திறந்த நிலையங்கள். கூரையெல்லாம் உருகி வழியும் பனி மாதிரியான கண்ணாடி. ரயில் தரைக்கடியில் புறப்பட்டு, ஆற்றைப் பாலத்தில் தாண்டி, 46 சதவீதச் சரிவு வரை ஏறுகிறது. சரிவு மாற மாற ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகச் சாய்ந்து தன்னைச் சமன் செய்து கொள்வதால், உட்கார்ந்திருப்பவருக்குச் சாய்வே தெரியாது. ஒரே கம்பி வடத்தில் இரண்டு வண்டி. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். அப்பா உடனே, "கிணத்து ராட்டினத்துல ரெண்டு வாளி" என்றார். நடுவழியில் இரண்டு வண்டியும் விலகிப் போகும் இத்தகைய தண்டவாள அமைப்புக்குப் பெயர் பெற்றவர் கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். நம் மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலின் பல்சக்கரத் தண்டவாளமும் அவர் முறைதான். இதை அப்பாவிடம் சொன்னேன்.

மேலே கேபிள் காரில் மாறி ஸீகுரூபே நிலையத்தில் இறங்கினோம். 1,905 மீட்டர். கடைத்தெருவிலிருந்து அங்கே வர இருபது நிமிடம் போதும். ஊட்டி 2,240 மீட்டர். நாங்கள் நின்றது ஊட்டியை விடத் தாழ்வு. ஆனால் அட்சரேகை 47, ஆகவே இடுப்பளவு பனி. வெயிலில் சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே ஊர், ஆறு, விமான நிலையம், எதிரே பெர்கிஸல் குன்றில் பனித்தாவல் கோபுரம். அதிலிருந்து தாவும் வீரனுக்கு நேர் எதிரே கண்ணில் படுவது ஊர் இடுகாடு என்று சொன்னேன். "நல்ல இடத்துலதான் வச்சிருக்கான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஊட்டி ரயில்ல உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சப்-ஸ்டேஷன் வேலை வந்துடும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வேலைக்குப் போன நாளிலிருந்து அப்பாவும் நானும் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் நன்றாக இருந்திருந்தால் நான் அங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன் என்பதும் உண்மை.

நேரமாகிறது. போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள் மட்டும். பெரியவர்களைக் கூட்டிப் போனால் செருப்புக்கடியில் மாட்டும் முள் பட்டை வாங்கிக் கொடுங்கள். நகரத்து நடைபாதையில் பொடிக்கல் தூவியிருந்தாலும் வழுக்கும். பாதையில் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவனே பொறுப்பு. நம் நெடுஞ்சாலைப் பழக்கத்தை இங்கேயே விட்டு வாருங்கள். குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகாதீர்கள்; பனிச்சரிவு அபாயத்தை 5 படிகளாகத் தினமும் அறிவிப்பார்கள், 3 என்றாலே உயிருக்கு ஆபத்துதான். இன்ஸ்புருக்தான் வேண்டும் என்றில்லை. இத்தாலிப் பக்கம் போனால் டூரின் நகரில் தங்கி ரயிலிலேயே பார்தொனெக்கியா போகலாம். மியூனிக் வந்தால் கார்மிஷ் இருக்கிறது, ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. என் வீட்டில் படுக்க இடம் உண்டு, ரசம் உண்டு.

காலுக்கு ஆபரேஷன் ஆகி, ஒன்பது மாதம் பயிற்சி செய்து, இப்போது படி ஏறுகிறேன், இறங்குகிறேன். வருகிற ஜனவரியில் மறுபடி அதே ஊரில், அதே வீட்டில் ஐந்து நாள் எடுத்திருக்கிறோம். என் மனைவி சிவப்புப் பாதைக்குப் போகப் போகிறாளாம். நான் நீலத்தில், முதல் வகையில். படிவத்தை எழுதும்போது வீடியோவில் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் அப்பா. அவர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டுமாம். அதோ, கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் இருப்பவர்கள் அவரையே கேட்டுக் கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு இலை போட்டு விட்டார்கள்.